ஒரு குழு, மூன்று ஆல்பங்கள், மூன்று வழிகள்: ராக் ஆல்பத்தை எப்படிப் பதிவு செய்வது?

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உருவான நிர்வானா என்ற ராக் குழு, தன் முதல் ஆல்பமான 'பிளீச்'சைப் பதிவு செய்ததற்கான மொத்த ரசீது 606 டாலர் 17 சென்ட். இரண்டாவது ஆல்பமான 'நெவர்மைண்ட்'டுக்கு ஒதுக்கப்பட்ட தொகை 65,000 டாலர். மூன்றாவதான 'இன் யூட்டெரோ'வுக்கு ஸ்டுடியோ வாடகையும் தங்குமிடமுமாக ஏறத்தாழ 24,000 டாலர் செலவாயிற்று. பதிவு செய்த ஸ்டீவ் அல்பினிக்கு அதற்கு மேல் 1,00,000 டாலர் கூலியாகத் தரப்பட்டது. இந்த மூன்று பதிவுகளும் 1988 டிசம்பருக்கும் 1993 பிப்ரவரிக்கும் இடையில் நடந்தவை. பாடகர் கர்ட் கோபேனும் பேஸ் கித்தார் வாசித்த கிறிஸ்ட் நோவோசெலிக்கும் மூன்றிலும் இருந்தார்கள். டிரம்ஸ் கலைஞர் மட்டும் முதல் ஆல்பத்துக்குப் பிறகு மாறினார்.

பதிவு முறைகளை ஒப்பிட நினைப்பவருக்கு இப்படியொரு சான்று எளிதில் கிடைப்பதில்லை. ஒரு குழுவின் மலிவான ஆல்பத்தையும் இன்னொரு குழுவின் ஆடம்பர ஆல்பத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வேறுபாடு முறையினால் வந்ததா, வாசித்தவர்களின் திறமையினால் வந்ததா என்று பிரித்தறிய முடியாது. இங்கே ஆட்கள் ஏறக்குறைய அவர்களே. முறைதான் ஒவ்வொரு தடவையும் மாறியது. ஆகவே பத்துப் பன்னிரண்டு பாடல்களைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே, யாரிடம், எத்தனை நாளில் பதிவு செய்வது என்று தயங்கி நிற்கும் ஒரு குழு, இந்த மூன்றையும் முதலில் எடைபோட்டுப் பார்ப்பது நல்லது.

எடைபோடும்போது கண் முதலில் போவது பணத்தின் மேல்தான். பணம் முக்கியம் என்பதில் எனக்கு ஐயமில்லை; பெரிய நிறுவனம் தரும் பதிவுச் செலவு பெரும்பாலும் முன்பணமாகக் கணக்கில் ஏறி, பின்னர் குழுவின் ராயல்டியிலிருந்தே கழிக்கப்படும் என்பதை அறியாமல் கையெழுத்திட்டவர்கள் பலர். ஆனால் நான் இங்கே முதன்மையாகப் பார்க்க விரும்பும் அளவுகோல் வேறு. ஆல்பத்தின் ஒலி எப்படி இருக்க வேண்டும் என்ற முடிவு எந்தக் கட்டத்தில் எடுக்கப்படுகிறது, அதை எடுப்பவர் யார் என்பதே அது. ஸ்டுடியோவுக்குள் நுழையும் முன்பே அதை எடுத்துவிடலாம். மைக்கை நிறுத்தும் நேரத்தில் எடுக்கலாம். ஒவ்வொரு கருவியையும் குரலையும் தனித்தனிப் பதிவுகளாக, அதாவது தடங்களாக, பதிந்து வைத்துக்கொண்டு, கடைசியில் அவற்றை ஒன்றாகக் கலக்கும் மிக்ஸிங் மேசையில் உட்காருபவரின் கைக்கு விட்டுவிடலாம். செலவும் நாள்களும் மனக்கசப்பும் இந்தத் தேர்வைப் பின்தொடர்ந்தே வருகின்றன.

'பிளீச்' சியாட்டில் நகரின் ரெசிப்ரோக்கல் ரெக்கார்டிங் என்ற சிறிய ஸ்டுடியோவில், ஜாக் எண்டினோ என்ற ஒலிப்பொறியாளரிடம், எட்டுத் தட டேப்பில் பதிவானது. மொத்தம் 30 மணி நேரம். அதாவது மணிக்குச் சுமார் 20 டாலர். எட்டுத் தடங்கள் என்றால் என்ன பொருள் என்பதை இன்று கணினியில் நூறு தடங்களைத் திறந்து வைப்பவர்களுக்குச் சற்று விளக்க வேண்டும். டிரம்ஸுக்கு மூன்று நான்கு தடங்களை ஒதுக்கினாலே, பேஸ், கித்தார், குரல் ஆகியவற்றுக்கு மிச்சம் பாதிதான். ஆகவே டிரம்ஸின் முன் நிற்கும் பல மைக்குகளைப் பதிவு நேரத்திலேயே கலந்து சில தடங்களுக்குள் அடக்கியாக வேண்டும். பிறகு ஒரு முரசின் ஒலியை மட்டும் தனியே உயர்த்த நினைத்தாலும் இயலாது. கித்தாரின் மேல் இன்னொரு கித்தாரை அடுக்கிப் பார்க்கும் ஆசைக்கும் அங்கே இடமில்லை. மூவரும் சேர்ந்து வாசிக்க வேண்டும், வாசித்தது சரியாக இருக்க வேண்டும், அதன் மேல் பாட வேண்டும். அவ்வளவுதான்.

இது எப்படிச் சாத்தியமாயிற்று என்றால், எண்டினோவுக்கு அவர்கள் புதியவர்கள் இல்லை. 1988 ஜனவரி 23 அன்று டேல் குரோவர் என்ற நண்பரை டிரம்ஸில் அமர்த்திக்கொண்டு, ஒரே பிற்பகலில் பத்துப் பாடல்களை அதே ஸ்டுடியோவில் அவர்கள் பதிவு செய்திருந்தார்கள். கடைசிப் பாடலின் நடுவே டேப் தீர்ந்துபோனது. இன்னொரு சுருளுக்குச் செலவழிக்காததால் அந்தப் பாடல் பாதியிலேயே தேய்ந்து முடிகிறது. அன்றைய பதிவில் இரண்டு பாடல்கள் பின்னர் 'பிளீச்' ஆல்பத்திலேயே இடம்பெற்றன. ஆல்பத்துக்கான 606 டாலரைக் கொடுத்தவர் ஜேசன் எவர்மன் என்பவர். ஒரு ஸ்வரம்கூட அதில் வாசிக்காத அவருடைய பெயர், உறையில் கித்தார் கலைஞராக அச்சாகியிருக்கிறது. முதலீட்டாளருக்கு இதைவிட மலிவான நன்றி கிடைத்திருக்க முடியாது.

இந்த வழியின் பலம், முடிவுகள் அனைத்தும் ஒத்திகை அறையிலேயே முடிந்துவிடுவது. லிவர்பூலின் பீட்டில்ஸ் குழு 1963 பிப்ரவரி 11 அன்று லண்டனின் ஈஎம்ஐ ஸ்டுடியோவில் ஒரே நாளில் பத்துப் பாடல்களைப் பதிவு செய்து தன் முதல் ஆல்பத்தை நிறைவு செய்ததும் இப்படித்தான். ஜான் லென்னனுக்கு அன்று சளி பிடித்திருந்ததால், தொண்டையைக் கிழிக்கும் பாடலைக் கடைசிக்குத் தள்ளிவைத்தார்கள். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர இரவு விடுதிகளிலும் லிவர்பூலின் கேவர்ன் கிளப்பிலும் அந்த நால்வரும் வாசித்துத் தேய்த்த மணி நேரங்கள் அந்த ஒரு நாளுக்குப் பின்னால் இருக்கின்றன. அந்தத் தேய்ப்பு இல்லாத குழு 30 மணி நேரத்துக்கு ஸ்டுடியோவை எடுத்தால், கையில் கிடைப்பது 30 மணி நேரத் தடுமாற்றம்தான்.

பலவீனமும் மறைக்கக் கூடியதில்லை. 'பிளீச்' முழுக்க ஏறத்தாழ ஒரே கித்தார் ஒலி. வரிகளில் பெரும்பகுதியைப் பதிவுக்கு முந்தைய இரவுகளில் எழுதியதாகக் கோபேனே பின்னாளில் ஒப்புக்கொண்டார். பாட்டு நன்றாக இருக்கும் இடத்தில் வறட்சி வீரியமாக ஒலிக்கிறது, பாட்டு தளர்ந்த இடத்தில் அதே வறட்சி வெறும் வறட்சியாக நிற்கிறது. ஒலிப்பதிவு கைகொடுத்துத் தூக்கிவிடாது.

அடுத்த வழி இதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது. 'நெவர்மைண்ட்' 1991 மே மாதம் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் வான் நைஸ் பகுதியிலுள்ள சவுண்ட் சிட்டி ஸ்டுடியோவில் தொடங்கியது. தயாரிப்பாளர் புட்ச் விக். ஓராண்டுக்கு முன்பு, 1990 ஏப்ரலில், விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில் தன்னுடைய ஸ்மார்ட் ஸ்டுடியோஸில் இந்தப் பாடல்களில் சிலவற்றை அவர் ஏற்கெனவே பதிவு செய்திருந்தார். அவற்றில் 'பாலி' என்ற பாடலின் பதிவு, அப்போதைய டிரம்ஸ் கலைஞர் சாட் சானிங் தட்டிய சிம்பலோடு அப்படியே ஆல்பத்தில் சேர்ந்தது. மாதிரிப் பதிவுதானே என்று அலட்சியமாகச் செய்யப்படும் எதுவும் நாளை ஆல்பத்துக்கே போகக்கூடும் என்பதால், அதையும் ஒழுங்காகவே செய்வது நல்லது.

சவுண்ட் சிட்டியில் குழு வாங்கியது நேரம், இடம், இன்னொருவருடைய காது ஆகிய மூன்றையும். பெரிய அறையில், சானிங்குக்குப் பதிலாக வந்த டேவ் கிரோலின் டிரம்ஸுக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. அங்கிருந்த, நீவ் நிறுவனத்தின் ஒலிமேசை பிற்காலத்தில் அந்த ஸ்டுடியோ வணிகப் பயன்பாட்டுக்கு மூடப்பட்டபோது கிரோலே விலைக்கு வாங்கிக்கொள்ளும் அளவுக்குப் பெயர் பெற்றது. ஒரே வரியை இரு முறை பாடி ஒன்றின் மேல் ஒன்றாக வைக்கும் முறையைக் கோபேன் போலித்தனம் என்று மறுத்தபோது, லென்னனும் அதைச் செய்தவர்தான் என்று சொல்லி விக் அவரை வழிக்குக் கொண்டுவந்தார். 'லித்தியம்' பாடலில் வேகம் முன்னே ஓடிக்கொண்டிருந்ததால் சீரான வேகத்தைக் காட்டும் கிளிக் ஒலியை வைத்து வாசிக்க நேர்ந்தது. ஆல்பத்தின் கடைசிப் பாடலான 'சம்திங் இன் த வே' பெரிய அறையில் எடுபடவில்லை. கோபேன் கட்டுப்பாட்டு அறையின் சோபாவில் சாய்ந்துகொண்டு, முனகும் குரலில், சுருதி சரியாகச் சேராத கித்தாரோடு பாடியதை விக் பதிவு செய்தார். பேஸும் டிரம்ஸும் அதன் பிறகுதான் அதன் மேல் ஏற்றப்பட்டன. தாளமே இல்லாமல் பாடிய பாட்டுக்குப் பின்னால் தாளத்தைப் பொருத்துவது எவ்வளவு பெரிய தொல்லை என்பது அந்த வேலையைச் செய்தவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் எட்டுத் தடமும் 30 மணி நேரமும் மட்டும் இருந்திருந்தால், அந்தப் பாடல் இந்த வடிவத்தில் பிறந்திருக்க வழியில்லை. இரண்டாம் வழிக்கு ஆதரவாக நான் சொல்லக்கூடிய மிக வலுவான வாதம் இந்த ஒரு பாடல்தான்.

அதன் விலை மிக்ஸிங்கில் தெரிய வந்தது. விக்கும் குழுவும் செய்து பார்த்த கலவை திருப்தி தராததால், ஸ்லேயர் குழுவின் ஆல்பங்களில் பெயர் பெற்றிருந்த ஆண்டி வாலஸ் அழைக்கப்பட்டார். அவர் டிரம்ஸையும் கித்தார்களையும் மெருகேற்றி, வானொலியில் எடுத்த எடுப்பில் அறையும்படி ஆல்பத்தைக் கட்டினார். 1991 செப்டம்பர் 24 அன்று வெளியான அது, 1992 ஜனவரியில் மைக்கேல் ஜாக்சனின் ஆல்பத்தை இறக்கிவிட்டு அமெரிக்கப் பட்டியலின் முதலிடத்துக்கு ஏறியது. பதிவு முடிந்த நேரத்தில் மகிழ்ந்த கோபேன், பின்னர் அந்த மெருகைப் பற்றிக் கூசிப் பேசத் தொடங்கினார். அவரது கூச்சத்தில் நியாயம் கொஞ்சம்தான் என்பது என் எண்ணம். தடங்களைத் தனித்தனியாக வைத்துக்கொண்டு கடைசிக் கலவையை மூன்றாவது ஆளிடம் ஒப்படைத்த பிறகு, சாப்பாட்டில் சமைத்தவர் கைமணம் வீசுகிறது என்று குறைப்பட்டுக்கொள்வதில் பொருளில்லை.

இந்த வழிக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. நிர்வானா அதில் விழாமல் தப்பியது நாள்கணக்கு இறுக்கமாக இருந்ததால்தான். முடிவைத் தள்ளிப்போட முடியும் என்றால், தள்ளிக்கொண்டே போக முடியும். அயர்லாந்தில் தொடங்கி லண்டனில் இயங்கிய மை பிளடி வாலன்டைன் குழுவின் 'லவ்லெஸ்' 1989 தொடங்கி 1991 வரை 19 ஸ்டுடியோக்களுக்கு இழுபட்டது. அதற்கு 2,50,000 பவுண்ட் செலவாகி வெளியீட்டு நிறுவனமே ஆட்டம் கண்டது என்று பரவிய பேச்சைக் குழுத்தலைவர் கெவின் ஷீல்ட்ஸ் மறுத்துவந்தார். கன்ஸ் அண்ட் ரோசஸ் குழுவின் 'சைனீஸ் டெமாக்ரசி'க்கு 2005 வரையிலேயே 1 கோடியே 30 லட்சம் டாலர் கரைந்துவிட்டதாக நியூயார்க் டைம்ஸ் எழுதியது. ஆல்பம் வெளிவந்தது 2008 நவம்பரில். முன்னது காலத்தை வென்ற படைப்பு, பின்னது அப்படியில்லை என்பது என் காதுக்குப் படுவது. இரண்டுமே ஓர் இளம் குழு பின்பற்றத்தக்க கணக்குகள் இல்லை.

மூன்றாவது வழியைத்தான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். 'இன் யூட்டெரோ'வைக் கச்சாவான, சிக்கனமான பதிவு என்று சொல்லும் வழக்கம் இருக்கிறது. அது சிக்கனமும் இல்லை, கச்சாவும் இல்லை. 1993 பிப்ரவரியில் மின்னசோட்டா மாநிலத்தின் கேனன் ஃபால்ஸ் என்ற சிற்றூருக்கு வெளியே, மரங்களுக்கு நடுவிலிருந்த பேக்கிடெர்ம் ஸ்டுடியோவில், வேறொரு பெயரில் இடம் பிடித்துக்கொண்டு குழு தங்கியது. இருபுறமும் பனி, வெளியே போவதற்கு இடமில்லை, ஆகவே வேலைதான் ஓடியது. தயாரிப்பாளர் என்ற பட்டத்தை அல்பினி ஏற்றதில்லை. பதிவு செய்தவர் என்று குறிப்பிட்டால் போதும் என்பார். விற்பனையில் பங்கு வேண்டாம், குழாய் சரிசெய்பவர் வாங்குவது போல வேலைக்குக் கூலி வாங்கிக்கொள்கிறேன் என்பது அவருடைய நிலைப்பாடாக இருந்தது. நிர்வானாவின் விற்பனையைக் கருதினால், அந்தக் கொள்கையால் அவர் இழந்தது சிறு தொகை இல்லை.

பதிவு செய்யும் விதத்தில் இது 'பிளீச்'சுக்கு நெருக்கமானது: மூவரும் ஒரே நேரத்தில் வாசித்தார்கள், அடிப்படைப் பதிவுகள் சுமார் ஆறு நாள்களில் முடிந்தன, மிக்ஸிங்கையும் சேர்த்து இரண்டு வாரம். ஆனால் டிரம்ஸைச் சுற்றி அல்பினி நிறுத்திய மைக்குகள் முப்பதை நெருங்கின. கருவிக்கு அருகில் சில, அறையின் தொலைவில் சில என்று நிறுத்தி, அறை எதிரொலிப்பதையே ஒலியின் பகுதியாக்கினார். அதிர்வு கூடுதலாகத் தேவைப்பட்ட பாடல்களுக்கு டிரம்ஸைச் சமையலறைக்கு மாற்றினார்கள். இங்கே முடிவு எடுக்கப்படும் இடம் மைக்கின் நிலை. ஒரு மைக்கை இரண்டு அடி தள்ளி வைப்பது எப்படி ஒலிக்கும் என்று அறிந்த ஆள் இருந்தால் மட்டுமே இந்த வழி வேகமானது. அந்த அறிவுக்குத்தான் விலை, மைக்குகளுக்கு இல்லை.

பிறகு நடந்தது ஒப்பீட்டுக்கு மிகவும் பயனுள்ளது. நிறுவனத்தாருக்கும் மேலாளர்களுக்கும் ஆல்பம் பிடிக்கவில்லை. சில வாரங்கள் கழித்துக் கேட்டபோது, குரலும் பேஸும் அடியில் அமுங்கிக் கிடப்பதாகக் குழுவுக்கே பட்டது. அல்பினி மறுபடி கலவை செய்ய இணங்கவில்லை. இறுதியில், கலவை முடிந்த ஆல்பத்தின் ஒலியை வெளியீட்டுக்கு முன் சீராக்கும் மாஸ்டரிங் நிபுணர் பாப் லட்விக் பேஸைத் தெளிவாக்கிக் குரலைச் சற்றே உயர்த்தினார். 'ஹார்ட்-ஷேப்ட் பாக்ஸ்', 'ஆல் அப்பாலஜீஸ்' என்ற இரண்டு பாடல்களை மட்டும் ஸ்காட் லிட் என்ற தயாரிப்பாளர் சியாட்டிலில் மீண்டும் கலந்தார். முடிவுகளை முன்கூட்டியே எடுத்துவிடும் எந்தக் குழுவும் இப்படியொரு இரண்டாம் பார்வைக்குச் சில வாரங்களையும் கொஞ்சம் பணத்தையும் ஒதுக்கி வைப்பது நல்லது. பதிவு முடிந்த இரவில் எவருடைய காதையும் நம்ப முடியாது. களைத்துப்போன காதுக்கு எல்லாமே நன்றாகத்தான் கேட்கும்.

நிர்வானாவின் கணக்கில் இல்லாத ஒரு வழியும் இருக்கிறது: ஸ்டுடியோவை விட்டு வீட்டுக்குப் போவது. லெட் செப்பலின் குழு தன் நான்காவது ஆல்பத்துக்காக 1971 தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் பகுதியிலுள்ள ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டுக்குப் போனது. முற்காலத்தில் அது ஏழைகளுக்கான விடுதி. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவுக்குச் சொந்தமான பதிவு வண்டி வாசலில் நின்றது. ஜான் பான்ஹமின் டிரம்ஸை முன்கூடத்தில் வைத்து, மாடிப்படியின் மேலிருந்து இரண்டே மைக்குகளைத் தொங்கவிட்டு, ஒலிப்பொறியாளர் ஆண்டி ஜான்ஸ் எடுத்த பதிவு இன்றும் டிரம்ஸ் ஒலிக்கு உரைகல்லாக இருக்கிறது. அமெரிக்காவில் பாஸ்டன் குழுவின் டாம் ஷோல்ஸ், போலராய்ட் நிறுவனத்தில் பொறியாளராக வேலை பார்த்துக்கொண்டே, தன் வீட்டு நிலவறையில் தடம் தடமாகத் தானே வாசித்து 1976இல் வெளிவந்த முதல் ஆல்பத்தின் பெரும்பகுதியைச் செய்து முடித்தார். தொழில்முறை ஸ்டுடியோவில்தான் பதிவாக வேண்டும் என்று நிறுவனம் வற்புறுத்தியபோது, மற்ற உறுப்பினர்கள் லாஸ் ஏஞ்சல்ஸில் வேலை செய்துகொண்டிருக்க, இவர் நிலவறையை விட்டு அசையவில்லை. அந்த ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் விற்றது.

இந்த இரண்டையும் வீட்டுப் பதிவு என்று ஒரே பெயரில் அழைப்பது குழப்பத்துக்கு வழிவகுக்கும். செப்பலின் வீட்டுக்குப் போனது அறையின் ஒலிக்காக. ஷோல்ஸ் வீட்டிலிருந்தது யாரும் மணியைப் பார்க்காத நேரத்துக்காக. இன்று மடிக்கணினியை வைத்துக்கொண்டு படுக்கையறையில் ஆல்பம் செய்வோருக்கு இரண்டாவது கிடைக்கிறது, முதலாவது கிடைப்பதில்லை. கித்தார், பேஸ், குரல் மூன்றையும் சிறிய அறையில் ஓரளவு நன்றாகவே எடுக்கலாம். டிரம்ஸ் மட்டும் ஏமாற்றிவிடும். தாழ்வான கூரையும் நெருங்கிய சுவர்களும் சிம்பல் ஒலியைச் சிதறடிக்கும், பின்னால் எந்தக் கருவியாலும் அதைச் சரிசெய்ய முடியாது. மேலும், தடங்களுக்கு எல்லையே இல்லாத கணினியில் முடிவுகளைத் தள்ளிப்போடும் சுதந்திரமும் எல்லையற்றது. ஸ்டுடியோக்காரரின் ரசீதாவது ஷீல்ட்ஸுக்குக் கடிவாளமாக இருந்தது. படுக்கையறையில் அதுவும் இல்லை.

இவற்றில் எதைத் தேர்வது என்று என்னிடம் கேட்டால், மேடையில் பாடல்களை ஐம்பது தடவையாவது வாசித்த குழுவுக்கு முதல் வழியையும் மூன்றாவது வழியையும் கலந்து பரிந்துரைப்பேன். உயரமான கூரையுள்ள அறையும் மைக்கை நிறுத்தத் தெரிந்த ஆளும் இருக்கும் ஸ்டுடியோவை மூன்று நான்கு நாள்களுக்கு மட்டும் எடுத்து, எல்லாரும் சேர்ந்து வாசித்து, டிரம்ஸையும் பேஸையும் அங்கேயே முடித்துவிடலாம். குரலையும் மேலதிகக் கித்தாரையும் வீட்டில் அவசரமின்றிப் பாடியும் வாசித்தும் சேர்க்கலாம். மேடையே ஏறாத, பாடல்களை இன்னும் தேடிக்கொண்டிருக்கும் குழுவுக்கு அந்த நான்கு நாளும் வீண். அவர்கள் ஷோல்ஸைப் போல வீட்டிலேயே தொடங்குவது மேல். தயாரிப்பாளரை அமர்த்தும் இரண்டாம் வழி, பாடல்களை வெட்டவும் மாற்றவும் இன்னொருவருக்கு உரிமை கொடுக்க நால்வரும் மனதார இசைந்த பிறகே கைகூடும். ஒருவர் இசைந்து மூவர் முறைத்துக்கொண்டிருந்தால் 65,000 டாலரும் பஞ்சாயத்திலேயே கரையும்.

எந்த வழியானாலும் மிக்ஸிங்கை, அதைச் செய்த அறையிலேயே கேட்டு ஒப்புதல் தரக் கூடாது. செப்பலின் ஆல்பத்தை லாஸ் ஏஞ்சல்ஸின் சன்செட் சவுண்ட் ஸ்டுடியோவில் மிக்ஸிங் செய்துவிட்டு லண்டன் திரும்பிய, குழுவின் கித்தார் கலைஞர் ஜிம்மி பேஜும் ஆண்டி ஜான்ஸும், அங்கே அற்புதமாகக் கேட்ட டேப் இங்கே சோபையற்று ஒலிப்பதைக் கேட்டு அதிர்ந்தார்கள். ஏறக்குறைய முழு ஆல்பத்தையும் மீண்டும் கலக்க வேண்டியதாயிற்று. தப்பிப் பிழைத்தது, மாடிப்படியிலிருந்து மைக் தொங்கவிட்டுப் பதிந்த 'வென் த லெவீ பிரேக்ஸ்' என்ற அந்த ஒரு பாடல்தான்.